பிழை வந்தால் எது மிஞ்சும்? மோனாட் லைப்ரரிகளோடு வேலை செய்த அனுபவம்

நான் வேலை செய்யும் இடத்தில் தினமும் பேங்குகளிடமிருந்து செட்டில்மென்ட் ஃபைல்கள் வரும். ஒரு வரிக்கு ஒரு பணப் பரிமாற்றம்: யுடிஆர் எண் (பரிமாற்றத்தின் அடையாள எண்), ஐஎஃப்எஸ்சி கோடு (பேங்க் கிளையின் கோடு), தொகை, தேதி. அவற்றைப் படித்து, சரிபார்த்து, எங்கள் பக்கத்துக் கணக்கோடு ஒப்பிட்டு, டேட்டாபேஸில் ஏற்றும் வேலையை ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியில் எழுதிய ஒரு புரோகிராம் செய்கிறது. அதை முதலில் எழுதியவர்கள் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாதிக்கு மேல் மாற்றி எழுதியாயிற்று. புதிதாக டீமில் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. மோனாட் பற்றி, அதாவது ஒரு படியின் விடையை அடுத்த படிக்குக் கொடுத்துப் படிகளைக் கோர்க்கும் அமைப்பைப் பற்றி, எனக்கு இருக்கும் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் இந்த ஒரு புரோகிராமோடு மல்லுக்கட்டியதில் வந்தவை.

மோனாட் என்றால் என்ன என்று விளக்கும் கட்டுரைகள் இணையத்தில் கொட்டிக்கிடக்கின்றன. பெட்டி என்பார்கள், பர்ரிட்டோ என்பார்கள், ஃபாக்டரி என்பார்கள். படித்து முடித்ததும் பெட்டியைப் பற்றித் தெரிந்திருக்கும், மோனாட் பற்றித் தெரிந்திருக்காது. எனக்கு உதவியது வேறொரு கேள்வி. பல படிகள் உள்ள ஒரு வேலையில் நடுவில் ஒரு படியில் பிழை வருகிறது. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் என்ன ஆகும்? மொத்தமும் போய்விடுமா, கொஞ்சம் மிஞ்சுமா, அடுத்த படி நடக்குமா? எந்த மோனாடை எடுக்கிறோம், எதன் மேல் எதை அடுக்குகிறோம், எந்த லைப்ரரியை நம்புகிறோம் என்று நாம் எடுக்கிற முடிவெல்லாம் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில்.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிட்டுப் போகிறேன். 1989-ல் யூஜெனியோ மோஜி என்ற இத்தாலியர், புரோகிராம்களின் பொருளைக் கணிதத்தில் விளக்க மோனாடைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். அப்போது கிளாஸ்கோவில் இருந்த ஃபிலிப் வாட்லர் அதை எடுத்து, புரோகிராம் எழுதுவதற்கே இது உதவும் என்று காட்டினார். 1990-ல் ஹாஸ்கெலின் முதல் அறிக்கை வந்தபோது அதில் மோனாட் கிடையாது. கீபோர்டிலிருந்து ஒரு வரி படிப்பதற்குக்கூட கோரிக்கைகளின் பட்டியலை அனுப்பி, பதில்களின் பட்டியலை வாங்க வேண்டும். 1996-ல் வந்த 1.3 பதிப்பில்தான் இன்று நாம் எழுதும் ஐஓ மோனாட் (படிப்பது, எழுதுவது போன்ற வெளியுலக வேலைகளுக்கானது) மொழிக்குள் வந்தது. அதாவது, மோனாட் இல்லாமல் ஹாஸ்கெல் சில வருடங்கள் ஓடியிருக்கிறது. வசதிக்காக வந்த சாமான் இது. புதியவர்களிடம் இதைச் சொன்னால் பாதி பயம் போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் புரோகிராமில் ஒரு வரியைச் சரிபார்க்கும் பகுதி ஈதர் மோனாடில் எழுதப்பட்டிருந்தது. ஈதரில் இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரியான மதிப்பு. டூ பிளாக்கில், அதாவது படிகளை வரிசையாக எழுதும் ஹாஸ்கெல் வடிவத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போகலாம். இடப்பக்கம் வந்த முதல் இடத்தில் நின்றுவிடும். ஐஎஃப்எஸ்சியில் 11 இடங்கள் இருக்கின்றனவா, முதல் நான்கும் எழுத்துகளா, ஐந்தாவது பூஜ்யமா. தொகை சரியான எண்ணா. தேதி உண்மையில் இருக்கிற தேதியா. படிக்க அழகான கோடு.

ஆபரேஷன்ஸில் இருக்கும் அக்கா ஒருநாள் எங்கள் பக்கம் வந்தார். "ஏம்பா, இந்த வரியில ஐஎஃப்எஸ்சி தப்புன்னு சொன்னீங்க. பேங்குக்கு மெயில் போட்டு, அவங்க திருத்தி அனுப்பி, திரும்ப ஏத்தினா இப்ப தேதி தப்புங்கிறீங்க. எல்லாத் தப்பையும் ஒரே தடவையில சொல்ல மாட்டீங்களா?"

ஈதர் மோனாடால் அது முடியாது. காரணம் மோனாடின் அமைப்பிலேயே இருக்கிறது. பைண்ட் என்கிற செயல் முந்தைய படியின் மதிப்பை எடுத்து அடுத்த படிக்குக் கொடுக்கும். முந்தைய படி தோற்றுவிட்டால் கொடுக்க மதிப்பே இல்லை. மதிப்பில்லாமல் அடுத்த படியை எப்படி ஓட்டுவது? ஆனால் எங்கள் தேதிச் சோதனைக்கு ஐஎஃப்எஸ்சியின் மதிப்பு தேவையே இல்லை. ஒன்றையொன்று சாராத சோதனைகளுக்கு அப்ளிகேட்டிவ் என்ற, மோனாடைவிட எளிய அமைப்பு போதும். அப்ளிகேட்டிவில் எல்லாச் சோதனைகளும் நடக்கும், பிழைகள் ஒரு பட்டியலில் சேரும். வேலிடேஷன் என்ற டைப் இதற்காகவே லைப்ரரிகளில் இருக்கிறது. அதற்கு வேண்டுமென்றே மோனாட் இன்ஸ்டன்ஸ் (அந்த டைப்பை மோனாடாகப் பயன்படுத்தும் வரையறை) கொடுக்கவில்லை. ஒரு டைப்புக்கு இரண்டும் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது விதி. பிழைகளைச் சேர்க்கிற அப்ளிகேட்டிவும் முதல் பிழையில் நிற்கிற மோனாடும் ஒரே டைப்பில் குடியிருக்க முடியாது.

மாற்றி எழுதியபோது பிரித்த விதம் இது: வடிவத்தைச் சரிபார்ப்பதெல்லாம் வேலிடேஷனில். அதில் தேறிய வரிகளை ஈதருக்கு மாற்றிக்கொண்டு, முந்தைய மதிப்பைச் சார்ந்த சோதனைகள்: இந்த ஐஎஃப்எஸ்சி எங்கள் பட்டியலில் இருக்கிறதா, அந்தக் கிளைக்கு இந்த யுடிஆர் ஏற்கெனவே வந்துவிட்டதா. ஒரு சோதனை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சந்தேகம் வந்தால், அதற்கு முந்தைய படியின் விடை கையில் வேண்டுமா என்று மட்டும் கேட்டால் போதும்.

அடுத்து இன்னொன்று. ஃபைல் முழுவதையும் டிராவர்ஸில், அதாவது ஒவ்வொரு வரியையும் சோதித்து எல்லாவற்றையும் ஒரே விடையாகச் சேர்க்கும் ஃபங்ஷனில், ஓட்டினால், ஈதரில் ஒரு மோசமான வரி மொத்த ஃபைலையும் நிறுத்திவிடும். வேலிடேஷனில் எல்லாப் பிழையும் தெரியும், ஆனால் நல்ல வரிகளும் ஏறாது. ஆபரேஷன்ஸுக்கு வேண்டியது இரண்டும் இல்லை: நல்லவை ஏறட்டும், கெட்டவை தனி ஃபைலில் வரட்டும். அதற்கு மேப் செய்துவிட்டு இரண்டு பட்டியலாகப் பிரித்தால் முடிந்தது. பார்ட்டிஷன்-ஈதர்ஸ் என்ற சாதாரண ஃபங்ஷன். மோனாட் வேண்டாத இடங்களில் மோனாட் போடுவது இந்த உலகத்தில் ஒரு வியாதி. எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு என்பதால் சொல்கிறேன்.

மற்ற மொழிக்காரர்களுக்கும் இது பொருந்தும். ரஸ்டில் ரிசல்ட்களின் வரிசையை ஒரே ரிசல்ட்டாக கலெக்ட் செய்தால் முதல் பிழையில் நிற்கும். ஸ்காலாவின் கேட்ஸ் லைப்ரரியில் வேலிடேட்டட் இருக்கிறது. கோட்லினின் ஆரோ லைப்ரரியில் பிழைகளைச் சேர்க்கத் தனி ஃபங்ஷன்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் பிராமிஸ் ஆல் முதல் தோல்வியிலேயே கைவிரித்துவிடும் (மற்ற வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அது வேறு கதை). 2020-ல் வந்த ஆல்-செட்டில்டு எல்லா விடைகளையும் தரும்.

இப்போது பெரிய தலைவலிக்கு வருகிறேன்: டிரான்ஸ்ஃபார்மர் அடுக்கு, அதாவது ஒரு மோனாடின் மேல் இன்னொன்றின் திறனை ஏற்றுவது. ஒப்பிடும் பகுதியில் இரண்டு விஷயம் ஒன்றாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிலை ஒன்று, அதாவது இதுவரை பொருந்திய தொகை, மீதமுள்ள பரிமாற்றங்கள், கூடவே பிழையும். ஒன்றுக்கு ஸ்டேட், ஒன்றுக்கு எக்ஸெப்ட். இரண்டையும் எந்த வரிசையிலும் அடுக்கலாம், கம்பைலர் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

ஈதரின் மேல் ஸ்டேட்-டி (டி என்றால் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டால், ஓட்டி முடித்ததும் கிடைப்பது: பிழை, அல்லது விடையும் நிலையும் சேர்ந்த ஜோடி. பிழை வந்தால் நிலை கையில் இல்லை. நடுவில் கேட்ச் செய்தால், கேட்சுக்குள் நுழைந்தபோது இருந்த நிலைக்கே திரும்பிவிடும். டேட்டாபேஸ் ரோல்பேக் மாதிரியேதான். தலைகீழாக, ஸ்டேட்டின் மேல் எக்ஸெப்ட்-டி போட்டால் கிடைப்பது ஒரு ஜோடி: ஒரு பக்கம் பிழையோ விடையோ, மறுபக்கம் எப்போதும் நிலை. பிழை வந்த கணம் வரை நடந்த மாற்றங்கள் அப்படியே இருக்கும். கேட்ச் செய்தாலும் அழியாது.

பணத்தைக் கையாளும் புரோகிராமில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ஒரு பரிமாற்றத்தைப் பாதி பொருத்திவிட்டுப் பிழை வந்தால், அந்தப் பாதி கணக்கில் நிற்கக் கூடாது. எனவே ரோல்பேக் வேண்டும். ஆனால் எத்தனை பரிமாற்றங்கள் தோற்றன என்ற எண்ணிக்கையும் அதே ஸ்டேட்டில் இருந்தால் அதுவும் ரோல்பேக் ஆகிவிடும். அறிக்கையில் தோல்வி பூஜ்யம் என்று வரும். ஒரே ஸ்டேட்டில் வைத்த இரண்டு எண்களுக்கு எதிரெதிரான விதி தேவைப்படுகிறது. எந்த வரிசையில் அடுக்கினாலும் ஒன்று தவறாகத்தான் போகும்.

இந்த அடுக்குகளுக்கு ஹாஸ்கெலில் பலரும் பயன்படுத்தும் எம்டிஎல் லைப்ரரி இதை இன்னும் மறைத்துவிடுகிறது. அதன் சௌகரியமே, ஃபங்ஷனின் டைப்பில் அடுக்கைச் சொல்லாமல், 'ஸ்டேட் இருக்கிற, பிழை எறியத் தெரிந்த ஏதோ ஒரு மோனாட்' என்று மட்டும் எழுதலாம் என்பது. எழுத லிஃப்ட் தொல்லை (அடுக்கின் கீழ்த்தட்டுச் செயலை மேலே தூக்கும் வேலை) இல்லை, படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த டைப்பைப் பார்த்து, பிழை வந்தால் ஸ்டேட் மிஞ்சுமா என்று சொல்ல முடியாது. அதை முடிவு செய்யும் வரி, வேறொரு ஃபைலில், மெயினுக்குப் பக்கத்தில், ரன் ஃபங்ஷன்களை அழைக்கும் இடத்தில் இருக்கும். ஒருவர் அங்கே இரண்டு வார்த்தைகளை இடம் மாற்றினால், இங்கே ஒரு எழுத்துகூட மாறாமல் பொருள் மாறிவிடும்.

எம்டிஎல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டு பழக்கம் வந்தது. பிழையும் ஸ்டேட்டும் சேர்ந்து வரும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் அடுக்கை வெளிப்படையாக டைப்பில் எழுதுகிறோம். அப்புறம், ஸ்டேட்டை மாற்றிவிட்டு உடனே பிழை எறிந்து, கேட்ச் செய்து, ஸ்டேட்டைப் பார்க்கும் ஒரு சின்ன டெஸ்ட். அதில் எதிர்பார்க்கும் விடையை ஆபரேஷன்ஸ் அக்காவிடம் கேட்டுத்தான் எழுதினோம். புரோகிராமர் தானாக முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

தோல்வி எண்ணிக்கை ஸ்டேட்டிலிருந்து வெளியேறி, ஐஓவில் மாற்றக்கூடிய மாறியான ஒரு ஐஓரெஃபுக்குப் போனது. ஃபங்ஷனல் ஆட்கள் சிலருக்கு இது பாவம் மாதிரி தெரியும். எனக்குத் தெரியவில்லை. எக்ஸெப்ஷன் வந்தாலும், திரெட் செத்தாலும், எந்த வரிசையில் அடுக்கினாலும், ஐஓரெஃபில் எழுதியது எழுதியதுதான். மிஞ்ச வேண்டியதை மிஞ்சுகிற இடத்தில் வைக்க வேண்டும்.

லாக் எழுத, செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் ரைட்டர் மோனாட் இருந்தது. புத்தகங்களில் ரைட்டருக்கு எப்போதும் லாக்தான் உதாரணம். நிஜ வேலையில் லாகுக்கு அதைவிடப் பொருத்தமில்லாத மோனாட் கிடையாது என்பது என் தீர்மானம். முதலாவது, பிழைக்குக் கீழே ரைட்டர் இல்லையென்றால், புரோகிராம் தோற்கும்போது லாகும் சேர்ந்து போய்விடும். லாக் வேண்டியதே தோற்கும்போதுதானே? இரண்டாவது, ஓட்டம் முடியும்வரை எல்லாம் மெமரியில் குவியும். ஸ்ட்ரிக்ட் என்று பெயர் போட்ட ரைட்டரும் மெமரியைத் தின்னும். அந்தப் பெயர் ஜோடியைப் பிரிப்பதைப் பற்றியது, உள்ளே சேரும் மதிப்பைப் பற்றியது இல்லை. ஸ்டேட்டிலும் இதே கதை. மாடிஃபை என்று எழுதினால் கணக்கிடாத கணக்குகள் சேர்ந்துகொண்டே போகும். பின்னால் ஒற்றை மேற்கோள்குறி போட்ட மாடிஃபைதான் அங்கேயே கணக்கிடும். தொடர்ச்சிகளை (அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லும் ஃபங்ஷன்களை) வைத்துக் கட்டிய சிபிஎஸ் ரைட்டர் அந்த ஒழுகலைச் சரிசெய்கிறது, 2022-ல் வந்த எம்டிஎல் 2.3-ல் அது கிடைக்கும். ஆனாலும் லாக் நேரடியாக ஐஓவில் வெளியே போகட்டும். விலைப் பட்டியலில் ஒரு கணக்கு எப்படி வந்தது என்று படிப்படியாகச் சேர்ப்பது போன்ற சின்ன, சுத்தமான வேலைக்கு ரைட்டர் நன்றாகவே இருக்கிறது.

திரெட்கள் வந்தபோது ஸ்டேட்-டி முழுவதுமாகக் கழன்றுபோனது. பல ஃபைல்களை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். ஃபோர்க் செய்த திரெட் தனக்கென்று ஸ்டேட்டின் ஒரு நகலோடு போகும். அதில் செய்த மாற்றம் எங்கே திரும்ப வரும்? மோனாட்-கன்ட்ரோல் லைப்ரரி வழியாக ஃபோர்க் செய்தால் அந்த மாற்றங்கள் காற்றோடு போகும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அன்லிஃப்ட்-ஐஓ லைப்ரரி இன்னும் கறாரானது. ஐஓவுக்கும், ரீடர்-டி (படிக்க மட்டும் ஒரு சூழலைத் தருவது) போல நிலையை மாற்றாதவற்றுக்கும் மட்டுமே அனுமதி. ஸ்டேட்-டி, எக்ஸெப்ட்-டி கொண்டுபோனால் கம்பைல் ஆகாது. முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு நன்றி சொல்லத் தோன்றும்.

ஆக வெளி அடுக்கு ரீடர்-டி, அதன் கீழே ஐஓ, அவ்வளவுதான். டேட்டாபேஸ் இணைப்பு, செட்டிங்ஸ், எண்ணிக்கைகளுக்கான ரெஃபுகள் எல்லாம் ஒரு ரெக்கார்டில். எதிர்பாராத கோளாறுக்கு ஐஓ எக்ஸெப்ஷன். எதிர்பார்த்த பிழைகள் ஈதராகத் திரும்பி வரும். ஐஓவின் மேல் எக்ஸெப்ட்-டி போடுவதை நான் தவிர்க்கிறேன். அதன் டைப்பைப் பார்க்கிறவர் பிழைகள் எல்லாம் அதில் அடங்கிவிட்டன என்று நம்பிவிடுவார். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் வரும் எக்ஸெப்ஷன் அந்தப் பக்கமே வராது.

திரெட்களுக்கு இடையே பகிர்ந்துகொள்ள எஸ்டிஎம், அதாவது மெமரியில் நடக்கும் டேட்டாபேஸ் மாதிரியான பரிவர்த்தனை. ஹாஸ்கெலில் எனக்கு மிகவும் பிடித்த மோனாட் இதுதான். 2005-ல் வெளியான வடிவம் இன்றும் அப்படியே உழைக்கிறது. பரிவர்த்தனை பாதியில் மோதினால் மொத்தமும் ரத்தாகி முதலிலிருந்து ஓடும். திரும்ப ஓடக்கூடிய ஒன்றுக்குள் மெயில் அனுப்பும் கோடு இருந்தால் மெயில் இரண்டு முறை போகும் அல்லவா? எஸ்டிஎம்முக்குள் ஐஓவைப் போட டைப்பே விடாது. எது மிஞ்சும் என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் மோனாட் வேறு நான் பார்த்ததில்லை.

எழுத்துகளைப் படித்துப் பொருள் பிரிக்கும் பார்சர்களிலும் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். பார்செக் லைப்ரரியில் 'இது, இல்லையென்றால் அது' என்று எழுதும்போது, முதல் பார்சர் சில எழுத்துகளைத் தின்றுவிட்டுத் தோற்றால் இரண்டாவதை முயற்சி செய்யாது. எங்கள் ஃபைலில் ரீஃபண்ட், ரிவர்சல் என்ற இரண்டு வகை வரிகளும் ஆங்கிலத்தில் ஒரே இரண்டு எழுத்தில் தொடங்கும். முதலாவது அந்த இரண்டைத் தின்றுவிட்டால் இரண்டாவதற்கு வாய்ப்பே இல்லை. ட்ரை போட்டால் தின்றதைத் திருப்பிக் கொடுக்கும். எல்லா இடத்திலும் ட்ரை போட்டால் பிழைச் செய்தி எங்கோ முன்னால் ஒரு இடத்தைக் காட்டும், ஒன்றும் புரியாது. வகையைச் சொல்லும் வார்த்தைக்கு மட்டும் ட்ரை. அதைத் தாண்டிவிட்டால் பின்வாங்கல் கிடையாது. ஆட்டோபார்செக் லைப்ரரி தானாகவே பின்வாங்கும். வேகத்துக்காக அது குறிப்புகளை அதிகம் வைத்துக்கொள்வதில்லை, அதனால் அதன் பிழைச் செய்திகள் வறட்சியாக இருக்கின்றன.

ஸ்டேட், பிழை போன்ற திறன்களை வேறு விதமாகச் சேர்க்கும் எஃபெக்ட் லைப்ரரிகளைப் பற்றிப் புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். "அண்ணா, எம்டிஎல் பழசு, எஃபெக்ட்ஃபுல்லுக்கு மாறிடலாமா?" கேட்டவரிடம் நான் அந்தச் சின்ன டெஸ்டைக் கொடுப்பேன். இரண்டு லைப்ரரியிலும் எழுதிப் பார்த்துட்டு வா தம்பி என்பேன். பாலிசெமி என்ற எஃபெக்ட் லைப்ரரியில் விடை, இன்டர்ப்ரெட்டர்களை எந்த வரிசையில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும், எம்டிஎல் போலவே. எஃபெக்ட்ஃபுல் உள்ளே ஐஓவையும் மாறக்கூடிய சூழலையும் வைத்துக் கட்டியது. எந்த வரிசையில் ஓட்டினாலும் கேட்ச் ஸ்டேட்டை ரோல்பேக் செய்யாது. வேகமும் நன்றாக இருக்கும், திரெட்களோடும் ஒத்துப்போகும். எங்கள் ஒப்பிடும் பகுதிக்கு வேண்டிய ரோல்பேக் மட்டும் அதில் தானாகக் கிடைக்காது. 2023-ல் ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியின் 9.6 பதிப்பில் தொடர்ச்சிகளைப் பிடிக்கும் அடிப்படைக் கருவிகள் கம்பைலருக்குள்ளேயே வந்துவிட்டன, அதன் மேல் இன்னும் புதிய லைப்ரரிகள் வரும். எது வந்தாலும் அந்த டெஸ்டை முதலில் ஓட்டிப் பார்ப்பேன்.

லைப்ரரி மேம்படுத்தல் பற்றி ஒரு வார்த்தை. எம்டிஎல் 2.3-க்கு மாறும்போது, வென், அன்லெஸ், ஃபார்-எம் எல்லாம் காணவில்லை என்று கம்பைலர் நூற்றுக்கணக்கில் கத்தும். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டேட் மாட்யூலை இறக்கினால் கன்ட்ரோல் மோனாட் மாட்யூலும் ஓசியில் கூட வந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அதைத் தனியாக இறக்குமதி செய்தால் போதும். 2015-ல் ஜிஎச்சி 7.10 வந்தபோது இதைவிடப் பெரிய உடைசல் இருந்தது: மோனாட் எழுதும் எதற்கும் அப்ளிகேட்டிவும் எழுதியே ஆக வேண்டும் என்றாயிற்று. பழைய உள்வீட்டு மோனாட்கள் இருந்த இடங்களில் எல்லாம் கை வைக்க வேண்டியிருந்தது.

டீமில் சேர்பவர்களுக்கு நான் இப்போது மோனாட் என்ற பெயரையே முதல் வாரத்தில் சொல்வதில்லை. ஒரு வரியைச் சரிபார்க்கும் கோடை, டூ இல்லாமல், கேஸுக்குள் கேஸ், அதற்குள் கேஸ் என்று கையால் எழுதச் சொல்வேன். கை வலிக்கும்வரை. அப்புறம் ஒரு எண்ணிக்கையை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கொடுத்து, மாறியதைத் திரும்ப வாங்கி, அடுத்ததற்குக் கொடுக்கும் கோடு. இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதியை ஒரு ஃபங்ஷனாகப் பிரிக்கச் சொன்னால், பெரும்பாலானவர்கள் அவர்களாகவே பைண்டை எழுதிவிடுகிறார்கள். மோனாடின் மூன்று விதிகளை அப்போது காட்டினால், "இது இல்லாம எப்படி, நடுவுல ஒரு ஃபங்ஷனைப் பிரிச்சு வெளியே எடுத்தா அர்த்தம் மாறிடுமே" என்று அவர்களே சொல்வார்கள். விதிகளின் பயன் அதுதான். எம்டிஎல்லில் முன்பு இருந்த லிஸ்ட்-டி, சில அடித்தள மோனாடுகளின் மேல் போட்டால் அந்த விதிகளை மீறிவிடும். பின்னர் அதை எடுத்தே விட்டார்கள். ஜாவாவின் ஆப்ஷனலில் மேப் நல் திருப்பினால் சத்தமில்லாமல் காலியாகிவிடும், அதையும் ஜாவாவிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவேன்.

அண்மையில் ரீஃபண்டுகளுக்காக ஒரு சின்ன சர்வீஸ் புதிதாக எழுதினோம். எஃபெக்ட் லைப்ரரி இல்லை. வெளியே ரீடர்-டி, ஐஓ. வாசலில் வேலிடேஷன். நடுவில் ஒப்பிடும் கணக்கு மட்டும் ஈதரின் மேல் ஸ்டேட்-டி, ஐஓ கிடையாது, அடுக்கு டைப்பிலேயே எழுதியிருக்கிறது. ரிவ்யூவில் வந்த ஒரே வாக்குவாதம், பாதி ரீஃபண்ட் போன பிறகு பேங்க் மறுத்தால் அனுப்பிய பாதியை எங்கே குறித்துவைப்பது என்பதுதான். அது ஸ்டேட்டில் இல்லை, டேட்டாபேஸில் தனி டேபிளில் இருக்கிறது.